பாம்புக்கு முதலில் நிழல், பிறகே சூடு

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயில் பட்ட மண்ணில் கிடந்து ஏற்றிக்கொள்ளும். புற்றுக்குள்ளோ விறகடியிலோ புகுந்து இறக்கிக்கொள்ளும். இரை செரிப்பதும், தோல் உரிப்பதும், நோயை எதிர்ப்பதும் இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் நடக்கின்றன. ஒரு பாம்பைப் பெட்டிக்குள் வைத்து மூடிய கணத்தில் அந்தத் தெரிவை அதனிடமிருந்து எடுத்துவிடுகிறோம். அதன் பிறகு அது சாவதும் பிழைப்பதும் பெட்டியை எங்கே வைத்தோம், எப்படி மூடினோம், எவ்வளவு சூடு கொடுத்தோம் என்பதில் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தை இரண்டு பேருக்காக எழுதுகிறேன். ஒருவர் மட்டக்களப்புப் படுவான்கரையில், கோழிக்கூட்டுக்குள் புகுந்த வெங்கிணாந்தி மலைப்பாம்பின் மேல் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர். மற்றவர் அவருடைய மருமகன். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கண்ணாடித் தொட்டியில் பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர். இருவருக்கும் பாம்பின் உடம்பு பற்றிய விதி ஒன்றுதான். ஆனால் ஆபத்து நேர் எதிர்த் திசைகளிலிருந்து வருகிறது. அங்கே குளிர் கொல்லும். இங்கே சூடு கொல்லும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு மட்டக்களப்பில் பாம்புப் பெட்டிக்கு மின்குமிழ் பூட்டுபவர் அந்தப் பாம்பை அவித்துவிடுவார்.

முதலில் சட்டம்

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம், 2009இல் செய்யப்பட்ட திருத்தத்துடன், நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவற்றைப் பிடித்து வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவருவதும் குற்றமே. வெங்கிணாந்திக்கு இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, நம் மலைப்பாம்பை மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆகவே மட்டக்களப்பில் பாம்பு வீட்டுச் செல்லமாக முடியாது. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. வளவிலேயே சாரை ஓடும் ஊரில் அதைப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. நமக்கு வேண்டியது சில மணி நேரக் காவல் மட்டும்: வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை பாம்புக்கும் வீட்டாருக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்வது. அதையும் அவர்கள் சொன்னபடிதான் செய்ய வேண்டும். பெரும்பாலான வேளைகளில், கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் ஈரச் சாக்கைச் செருகி, பிள்ளைகளையும் நாயையும் அப்பால் கொண்டுபோய், தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பாம்பு பிடிக்கப் பழகாதவர் நாகத்தையோ விரியனையோ வாளிக்குள் தள்ளப் பார்க்கக்கூடாது. கீழே சொல்லப்போவதெல்லாம் பாம்பு ஏற்கெனவே ஏதோ ஒன்றுக்குள் அகப்பட்டுவிட்ட நிலைமைக்கு.

நம் ஊர்ச் சூடு

வாவியோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி, நிழலில் 25 முதல் 33 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இது பெரும்பாலான பாம்புகள் தாமே தேடிப்போகும் அளவு. மார்கழி, தை மாத வாடைக்காற்றில் இரவு சற்றுக் குளிர்ந்தாலும் ஓரிரு நாள் காவலில் இருக்கும் பாம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அது சுருண்டு அமைதியாகக் கிடக்கும், அவ்வளவே. கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள்தான் பயங்கரம். அப்போது தகரக் கொட்டிலுக்குள் நண்பகலில் 40 பாகையை எளிதில் தாண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அதற்கும் மேல். பாம்புக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூடு 40ஐ நெருங்கினால் முதலில் தறிகெட்டு ஓடும், பிறகு வாய் திறந்து துவளும், பிறகு சாகும். இதற்கு மணிக்கணக்கு வேண்டியதில்லை.

எனவே காவல் பெட்டிக்கான இடம், ஓட்டு வீட்டின் உள்ளறைச் சீமெந்துத் தரை. மரநிழல் போதாது; வெயில் நகரும்போது நிழலும் நகர்ந்துவிடும். வாளி வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது, கறுப்பு நிறப் பீப்பாய் மோசம். மூடிக்கு மேல் ஈரச் சாக்கைப் போடலாம். ஆனால் காற்றுத் துளைகளை அது அடைக்கக்கூடாது. தண்ணீர்ப் பாத்திரம் ஒரு நாளுக்குள் தேவைப்படாது. கவிழ்ந்து ஈரத்தைத்தான் உண்டாக்கும். சாப்பாடு ஒருபோதும் வைக்க வேண்டாம். பாலும் முட்டையும் வைத்து நாகத்தை உபசரிக்கும் பழக்கம் நாகதம்பிரானிடம் உள்ள பக்தியிலிருந்து வருகிறது என்பது தெரியும். ஆனால் அடைபட்டுப் பயந்த பாம்பு எதையும் உண்ணாது. பால் அதன் உணவே அல்ல. நாகத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை அதை இருட்டிலும் குளிர்ச்சியிலும் விட்டுவைப்பது.

இதை நன்றாக அறிந்தவர்கள் தமிழ்நாட்டு இருளர்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. அதை அமைக்க உதவிய ரோமுலஸ் விட்டேக்கர், அதற்கு முன்பே சென்னைப் பாம்புப் பண்ணையையும் முதலைப் பண்ணையையும் நிறுவியவர். சங்கத்தில் நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை நான்கையும் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். அவற்றுக்கு வீடு மண்பானை. அடியில் மணல், வாயில் இறுக்கிக் கட்டிய பருத்தித் துணி. மண் சுவர் உள்ளே சூடேற விடாது. துணி காற்றை விடும், வெளிச்சத்தைத் தணிக்கும். பாம்பு சுருண்டு கிடக்க வட்டமான இருட்டு கிடைக்கும். கண்ணாடித் தொட்டியும் மின்குமிழும் இல்லாமல், சென்னைக் கரையோர வெயிலில் உலகின் மிக ஆபத்தான பாம்புகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாக நம்பியிருப்பது இந்தியாவில் செய்யப்படும் நஞ்செதிர்ப்பு மருந்தை. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இந்தப் பானைகளிலிருந்தே போகிறது. மட்டக்களப்பில் பாம்பு தீண்டிப் பிழைத்த ஒருவர், தான் பார்த்திராத அந்த மக்களுக்கும் கடன்பட்டவர்.

நமக்குப் பக்கத்திலும் அப்படிப்பட்ட அறிவு இருந்திருக்கிறது. அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் வாழும், தெலுங்கு பேசும் வனக்குறவர் மக்கள் பரம்பரையாகப் பாம்பாட்டிகள். மூடி போட்ட கூடையில் நாகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள். அந்தத் தொழில் இன்று தேய்ந்துவிட்டது. கூடையையும் பானையையும் இங்கே குறிப்பிடுவது நாமும் அப்படி வளர்க்கலாம் என்பதற்காக அல்ல. மூச்சு விடும் சுவர், இருட்டு, இறுக்கமான மூடி ஆகிய மூன்றும் இருந்தால் இந்தத் தட்பவெப்பத்தில் வேறெந்தக் கருவியும் தேவைப்படாது என்பதற்காக.

எந்தப் பாம்பு, எந்தக் காவல்

காற்றுத் துளைகளை முதலில் பார்த்துவிடுங்கள். சூடாக்கிய கம்பியால் மூடியில் துளையிடும்போது 3 மில்லிமீற்றருக்கு மேல் போக வேண்டாம். இதற்கு முக்கிய காரணம் புடையன், அதாவது கண்ணாடி விரியன். அது முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் சாதாரணம். மாலையில் ஒரு பாம்பாக அடைத்த வாளி, விடியும்போது முப்பது பாம்புள்ள வாளியாக இருக்கலாம். ஒவ்வொரு குட்டியும் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கும். பிறந்த நேரத்திலிருந்தே நஞ்சுள்ளது. துளை பெரிதாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடைக்கும்முன் வழுவழுப்பான பிளாஸ்டிக் வாளியைத்தான் தேட வேண்டும். உரப்பையில் போட்டுக் கட்டுவது வழக்கம். அது மிகவும் தவறு. விரியனின் பல் பைக்கு வெளியே நீளும். பையைத் தூக்குபவரின் தொடையில் அது பதியும். பெரும்போக வெட்டுக் காலத்தில் வயலில் காணும் பாம்பு பெரும்பாலும் இதுவே என்பதால் வயற்காரருக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

கட்டு விரியனை நம்மில் பலர் எட்டடி விரியன் என்போம். பகலில் அசையாமல் கிடக்கும். தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொள்ளும். அதைப் பார்த்து இது சாதுப் பாம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பொழுது சாய்ந்தால் அது வேறு பாம்பு. இண்டு இடுக்குகளைத் தேடித் தேடி மூக்கால் தள்ளும். ஒரு விரல் பருமன் இடைவெளி அதற்குப் போதும். திருகு மூடி உள்ள வாளி இல்லாவிட்டால் இந்தப் பாம்பை வீட்டுக்குள் வைத்து ஓர் இரவைக் கழிக்க வேண்டாம்; அது அகப்பட்ட அறையையே பூட்டிவிட்டு எல்லோரும் வேறிடத்தில் படுங்கள். அதன் கடி பலவேளை நோகாது. நித்திரையில் கடிபட்டவர் விடிய வயிற்றுவலியோடும் கண்ணிமை தூக்க முடியாமலும் எழும்புவார். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் அது அதிகம் தீண்டுகிறது. கட்டிலும், ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிய நுளம்பு வலையும் அந்தக் கடியைத் தடுக்க நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம்.

சுருட்டை நம் கரையோர மணற்பாங்கான இடங்களில் உண்டு. ஓரடி நீளம் கொண்ட சின்னப் பாம்பு. உடம்பை உடம்போடு உரசி அரம் அராவும் ஓசை எழுப்பும். மணற்சூட்டுக்குப் பழகிய பாம்பாயிற்றே என்று வெயிலில் வைத்துவிடாதீர்கள். அதுவும் நண்பகலில் மணலுக்குள் புதைந்தோ கல்லடியிலோதான் கிடக்கும். நாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் அடங்கும், வெளிச்சத்தில் படமெடுக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும், கைப்பேசி வெளிச்சம் அடித்துப் படம் பிடிப்பதும்தான் அதைச் சீண்டும்.

சாரை மேல் எனக்குத் தனி அக்கறை. நஞ்சில்லாதது, எலி தின்பது, ஆனால் மனிதர் கையில் அதிகம் சாவதும் அதுதான். பகலில் திரியும், மிரளும் சுபாவம். கம்பி வலைக் கூட்டில் போட்டால் வெளியேறப் பார்த்து மூக்கை வலையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தப் புண் சீழ் பிடித்து வாய்க்குள் பரவும். கோழிக்கூட்டில் அடைப்பது இரக்கம் போலத் தெரியும். பாம்புக்கு அது சித்திரவதை. தலையணை உறை போன்ற தடித்த பருத்திப் பை, அதை வாய் கட்டி ஒரு மூடிய பெட்டிக்குள் வைப்பது, இவ்வளவே அதற்கு வேண்டும். துணி உடம்பில் தொட்டுக்கொண்டிருந்தால் அடங்கிவிடும். தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய பழைய தங்கூசி வலையில் சாரை சிக்குவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. இழுத்தால் நூல் செதிளுக்கடியில் இறங்கும். வலையை அதன் உடம்போடு சேர்த்து வெட்டியெடுத்து, திணைக்களத்தாரிடமோ மிருக வைத்தியரிடமோ கொடுத்துவிடுவது நல்லது. சிக்கியது சாரைதான் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வலைக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது.

வெங்கிணாந்திக்குப் பலம்தான் பிரச்சினை. மூடியின் மேல் கல்லை வைத்தால் கல்லோடு தூக்கும். வாரால் சுற்றிக் கட்டிய, அல்லது வளையம் பூட்டும் மூடியுள்ள பெரிய பீப்பாய் வேண்டும். அண்மையில் இரை விழுங்கியிருந்தால் வயிறு புடைத்திருக்கும்; அந்த நேரம் உருட்டினாலோ தூக்கினாலோ விழுங்கியதைக் கக்கிவிடும். கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பது உத்தமம். கோழி போனது போனதுதான். இந்தப் பாம்பைப் பற்றி ஒரு வியப்பான செய்தி உண்டு. பாம்புகள் சூட்டை உண்டாக்குவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அடைகாக்கும் பெண் வெங்கிணாந்தி அதற்கு விலக்கு. முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, தசைகளைத் துடிக்கவிட்டு, சுற்றுப்புறத்தைவிட உடம்பைச் சூடாக்கி, முட்டைகளைக் கிட்டத்தட்ட 31 முதல் 33 பாகையில் வைத்திருக்கும். அப்படி முட்டைகளோடு ஒன்றைக் கண்டால், அது எங்கே இருந்தாலும் பிடிக்க வேண்டாம், முட்டைகளைத் தொட வேண்டாம். அதை அதிகாரிகள் முடிவு செய்யட்டும்.

வாவிப் பாம்புகள் தனி உலகம். இறால் கூட்டிலும் வலையிலும் வருகிற நாய்முகப் பாம்புக்கும், தோல் தளர்ந்து அரம் போலிருக்கும் அரப்பாம்புக்கும் பெட்டியும் வேண்டாம், சூடும் வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். அரப்பாம்பு தரையில் ஊரவே மாட்டாது. தோல் காய்ந்தால் நொந்துபோகும். எந்தத் தண்ணீரிலிருந்து வந்ததோ அந்தத் தண்ணீருக்கே வலையைச் சரித்து விட்டுவிடுங்கள். குடிதண்ணீர் வாளியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டாம். முகத்துவாரப் பக்கம் கடற்பாம்பும் வரும். துடுப்புப் போலத் தட்டையான வால்தான் அடையாளம். அதன் நஞ்சுக்கு நம் வைத்தியசாலைகளில் உள்ள இந்திய நஞ்செதிர்ப்பு மருந்து செய்யப்பட்டதல்ல. வெறுங்கையால் வலையிலிருந்து அதை எடுக்கும் வழக்கத்தைக் கடற்றொழிலாளர் கைவிட வேண்டும். நீண்ட தடியால் வலையை உதறலாம், முடியாவிட்டால் அந்தத் துண்டு வலையை வெட்டிப் போக விடலாம். ஒரு துண்டு வலையை மறுபடி முடிந்துகொள்ளலாம்.

வெள்ளக் காலம்

2011 தை மாத வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் ஏறும்போது மனிதனும் பாம்பும் ஒரே மேட்டைத்தான் தேடுவார்கள். மாரியில் பாதை மூழ்கினால் திணைக்கள வாகனம் வராது. அந்த நாட்களுக்காக ஒரு யோசனை: ஐப்பசிக்கு முன்பே, வீட்டிலிருந்து தள்ளி, வளவின் மூலையில் பலகையும் விறகும் அடுக்கி ஒரு மேடு அமைத்துவையுங்கள். வீட்டுத் திண்ணையோரம் கிடக்கும் கிடுகுக் கட்டு, விறகு, உடைந்த ஓடு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோங்கள். பாம்புக்குப் போக இடமிருந்தால் திண்ணைக்கு வருவது குறையும். திருகு மூடியுள்ள வாளி ஒன்றும், நீண்ட தும்புத்தடி ஒன்றும், உயரச் சப்பாத்தும் வீட்டில் இருக்கட்டும்.

யாரையாவது தீண்டிவிட்டால் பாம்பைத் தேடி நேரம் போக்க வேண்டாம். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கேடு. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, தீண்டிய கையையோ காலையோ அசைக்காமல் கிடத்தி, 1990 அம்புலன்சை அழையுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அல்லது அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். பாம்பு வாளியில் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வைத்தியர் கடிபட்டவரைப் பார்த்தே சிகிச்சை செய்வார்.

வெளிநாட்டில் இருக்கும் மருமக்களுக்கு

அங்கே நிலைமை தலைகீழ். மாசி மாத ரொறன்ரோவில் அறை 20 பாகையில் இருந்தால் உங்களுக்குச் சுகம். பந்து மலைப்பாம்புக்கு அது நோய். விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றில் அழுகும், கக்கும், மூக்கில் குமிழி விட்டு வாய் திறந்து மூச்சு வாங்கும்.

பந்து மலைப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 பாகை, மறுமுனை 25 முதல் 27. இரவில் 24க்குக் கீழே போக விட வேண்டாம். சோளப் பாம்பு கொஞ்சம் குளிர் தாங்கும்: சூடான முனை 29 முதல் 31, குளிர்ந்த முனை 22 முதல் 25 போதும். இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து வேண்டும். சூடான முனையில் மட்டும் பொந்து வைத்தால், பயந்த பாம்பு வெந்தாலும் அதற்குள்ளேயே கிடக்கும். குளிர்ந்த முனையில் மட்டும் வைத்தால் செரிமானத்தை விட்டுக்கொடுத்து ஒளிந்திருக்கும்.

எந்தச் சூட்டுக் கருவியையும் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகியில் பூட்டாதீர்கள். இந்த அத்தியாயத்தின் இப்பகுதியில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுதான். கட்டுப்பாடற்ற சூட்டுப்பாய் 50 பாகையையும் தாண்டும். பாம்பு அடிவயிற்றுச் சூட்டை உணர்ந்து விலகிப்போகும் என்று நம்ப முடியாது. தோல் வெந்து செதிள் கழலும்வரை அதன் மேலேயே கிடக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பாம்பு நகர்த்த முடியாதபடி பொருத்துங்கள். அது கழன்று குளிர்ந்த மூலைக்குப் போய்விட்டால், பெட்டி குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கருவி நிற்காமல் சூடேற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து உணரி நனைந்தாலும் அதுவே நடக்கும். ஆகவே தெர்மோஸ்டாட்டின் எண்ணை நம்பாமல், தனி வெப்பமானி ஒன்றைச் சூடான முனையிலும் ஒன்றைக் குளிர்ந்த முனையிலும் வைத்துத் தினமும் பாருங்கள். சூட்டுப்பாய் தரையின் மூன்றிலொரு பங்கை மூடினால் போதும். அதன் மேல் தடிப்பாக மரத்தூள் போட்டால் சூடு அடியிலேயே தேங்கும், தோண்டி இறங்கும் பாம்பு வேகும். பீங்கான் குமிழோ விளக்கோ பெட்டிக்குள் இருந்தால் கம்பிக் கூண்டு கட்டாயம். பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும். கடைகளில் விற்கும் சூட்டுக் கற்களை வாங்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் வீட்டு வெப்பமூட்டி காற்றை உலர்த்திவிடும். பந்து மலைப்பாம்புக்கு ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் வேண்டும்; குறைந்தால் தோல் துண்டு துண்டாக உரியும், கண் மேல் படலம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்கக்கூடாது. ஈரப் பாசி நிரப்பிய மூடிய பொந்து ஒன்றை வைத்தால் தானே உரித்துக்கொள்ளும். மின்சாரம் போகும் இரவுக்கும் தயாராக இருங்கள். 2013 மார்கழியின் பனிப்புயலில் ரொறன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. சிலருக்கு மின்சாரம் திரும்பப் பல நாள் ஆனது. பாம்பைப் பருத்திப் பையிலிட்டு நுரைப்பெட்டியில் வைத்து, வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். மெழுகுதிரியும் எரிவாயு அடுப்பும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

பூட்டைப் பற்றி ஒரு கசப்பான நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக் காம்பெல்ட்டனில், ஒரு கடையின் மேல்மாடி வீட்டில் வைத்திருந்த ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பு காற்றோட்டக் குழாய் வழியாக வெளியேறி, அங்கே இரவு தங்கிய 4, 6 வயதுச் சகோதரர் இருவரைக் கொன்றது. பெட்டியில் உள்ள ஒவ்வொரு திறப்பையும் கதவு போலவே பூட்ட வேண்டும், காற்றுத் துளையையும் சேர்த்து. நெகிழும் கண்ணாடிக்குச் சாவிப் பூட்டு. வலை மூடிக்கு நான்கு மூலையிலும் கொக்கி. ரொறன்ரோ நகரச் சட்டம் நஞ்சுள்ள எல்லாப் பாம்புகளையும், 3 மீற்றருக்கு மேல் வளரும் இனங்களையும் தடை செய்திருக்கிறது. பிரித்தானியாவில் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி ஆபத்தான நஞ்சுப் பாம்புகளுக்கு உரிமம் வேண்டும். பெரிய மலைப்பாம்பு வாங்க நினைப்பவருக்கு என் முடிவு: வேண்டாம். முதல் பாம்பு என்றால் சோளப் பாம்பு. பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் சாப்பிட மறுத்து உங்களைக் கலங்கடிக்கும்; 30 வருடம்கூட உயிர் வாழும்.

ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. புதிதாக வந்ததைக் குறைந்தது ஒரு மாதம் வேறு அறையில் வைத்து உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பாம்பு வழியாக சல்மொனெல்லா பரவும், அது அம்மம்மாவையும் கைக்குழந்தையையும்தான் முதலில் தாக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைக் குசினித் தொட்டியில் கழுவ வேண்டாம். வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீட்டில் உறைந்த எலியை எந்தக் குளிர்பெட்டியில் வைப்பது என்பதையும் பாம்பு வாங்கும் முன்பே வீட்டாரோடு பேசிவிடுங்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமாட ஊருக்கு வரும்போது பெட்டியை யார் பார்ப்பது என்பதையும்.

ஊருக்கு வரும் அந்தப் பயணத்தில் பாம்பையோ முட்டையையோ கொண்டுவர வேண்டாம். இங்கிருந்து கொண்டுபோகவும் வேண்டாம். இங்கே உங்கள் மாமா வளவில் ஒரு சாரை கிடந்தால் அதைக் கொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள். 1992ஐ அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.